இலியமா, இலியமா?

மருத்துவர் 'இலியம்' என்கிறார். ஹெட்போனில் தெளிவாகவே விழுகிறது. இரைச்சல் இல்லை, இருமல் இல்லை, அவசரம்கூட இல்லை. ஆனாலும் எழுதுகிறவரின் விரல் விசைப்பலகை மேல் அப்படியே நின்றுவிடுகிறது. சிறுகுடலின் கடைசிப் பகுதிக்குப் பெயர் இலியம். இடுப்பெலும்பில் விரிந்து நிற்கும் மேற்பகுதிக்கும் இலியம்தான் பெயர். ஆங்கில எழுத்துக்கூட்டலில் நடுவே ஓர் எழுத்து மாறும், அவ்வளவுதான். எத்தனை முறை திருப்பிக் கேட்டாலும் விடை அந்த ஒலிக்குள் இல்லை. 'ஒட்டு வைக்க இங்கிருந்து எலும்பு எடுத்தோம்' என்று அடுத்த வரி வந்தால் இடுப்பு. 'வால்வைத் தாண்டி கொலோனோஸ்கோப்பை நுழைத்தோம்' என்று வந்தால் குடல்.

மருத்துவர்கள் வாயால் சொல்லிப் பதிவு செய்வதைக் கேட்டு அறிக்கையாக எழுதும் வேலைக்கு மெடிக்கல் டிரான்ஸ்கிரிப்ஷன் என்று பெயர். 2000-ஐ ஒட்டிய ஆண்டுகளில் இது கொங்கு நாட்டுக்கு வந்தபோது, கோவையின் காந்திபுரத்திலும் ஆர்.எஸ்.புரத்திலும் பயிற்சி வகுப்புப் பலகைகள் தொங்கின. பொள்ளாச்சி, கோபி, உடுமலை, அவினாசிப் பக்கமிருந்து வந்த ஆங்கில இலக்கியப் பட்டதாரிகளும் நுண்ணுயிரியல், உயிர்வேதியியல் படித்த பெண்களும் அங்கே சேர்ந்தார்கள். அமெரிக்காவின் கிழக்குக் கரையில் மாலை 6 மணிக்கு ஒரு மருத்துவர் சொல்லி முடிக்கும்போது, குளிர்காலமானால் கோவையில் விடியற்காலை 4.30. அவர் மறுநாள் காலை வார்டுக்குள் நுழைவதற்குள் அறிக்கை தயாராகிவிடும். மில் சங்குக்கு எழுந்து மூன்று ஷிப்ட் பார்த்துப் பழகிய ஊருக்கு இந்த நேரக்கணக்கு புதிதல்ல. கூலிக் கணக்குதான் புதிது: 65 எழுத்துகள் சேர்ந்தால் ஒரு லைன், லைனுக்கு இத்தனை பைசா. இடைவெளியும் எழுத்துக் கணக்கில் சேருமா என்பதில் சண்டைகூட உண்டு.

லைன் கணக்கில் சம்பளம் வாங்குகிறவருக்குத் தெளிவில்லாத ஒரு சொல் பண இழப்பு. பத்து நிமிடம் அதன்மேல் உட்கார்ந்தால் அந்தப் பத்து நிமிடத்துக்கான லைன்கள் போய்விடும். அதனால் இந்தத் தொழிலில் நிலைத்தவர்கள் கூர்மையான காதை வளர்த்துக்கொண்டதைவிட, காதை எந்த அளவுக்கு நம்பலாம் என்ற கணக்கைக் கற்றுக்கொண்டார்கள் என்பதே என் எண்ணம். அந்தக் கணக்கை ஆய்வகங்கள் வேறொரு வழியில் கண்டுபிடித்திருந்தன.

1960களில் இர்வின் பொலாக், ஜேம்ஸ் பிக்கெட் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் சாதாரண உரையாடல்களைப் பதிவு செய்து, அதிலிருந்து ஒவ்வொரு சொல்லாக வெட்டியெடுத்து ஆட்களுக்குப் போட்டுக் காட்டினார்கள். முழு வாக்கியத்தில் எல்லோருக்கும் புரிந்த சொற்கள்தாம். தனியாக வெட்டிக் கேட்டபோது பாதிக்கும் குறைவானவற்றையே சரியாகச் சொல்ல முடிந்தது. நாம் பேசும்போது சொற்களை முழுதாக உச்சரிப்பதில்லை. கேட்கிறவர் நிரப்பிக்கொள்வார் என்ற தைரியத்தில் பாதியை விழுங்கிவிடுகிறோம். காந்திபுரம் பேருந்து நிலையத்தில் நடத்துனர் 'ப்பூர் ப்பூர் ப்பூர்' என்று கத்தினால் திருப்பூர் என்று புரிந்துகொண்டு ஏறிவிடுகிறோம் இல்லையா? முதல் இரண்டு எழுத்தை அவர் சொல்லவே இல்லை என்பது நமக்குத் தோன்றுவதும் இல்லை.

இந்தத் தோன்றாமைதான் விஷயம். 1970-இல் ரிச்சர்ட் வாரன் என்ற உளவியலாளர் ஓர் ஆங்கில வாக்கியத்தில் ஒரேயொரு 'ஸ்' ஒலியை முழுதாக அறுத்தெடுத்துவிட்டு, அந்த இடத்தில் ஓர் இருமலை ஒட்டினார். 20 பேருக்குப் போட்டுக் காட்டி, எந்த ஒலியாவது காணவில்லையா என்று கேட்டார். 19 பேர் எல்லாம் இருக்கிறது என்றார்கள். மிச்சம் இருந்த ஒருவர் ஏதோ குறைகிறது என்றார். ஆனால் தவறான இடத்தைக் காட்டினார். இருமல் எங்கே வந்தது என்றுகூட அவர்களால் துல்லியமாகச் சொல்ல முடியவில்லை. மூளை ஊகித்தது, ஊகித்ததைக் கேட்டதாகவே நம்ப வைத்தது. காதில் விழுந்த 'ஸ்', மூளை நிரப்பிய 'ஸ்' என்று இரண்டுக்கும் உள்ளே தனித்தனி முத்திரை கிடையாது.

வாரனின் இன்னொரு சோதனையை மெடிக்கல் டிரான்ஸ்கிரிப்ஷன் வகுப்பில் முதல் நாளே சொல்லித் தர வேண்டும். ஒரு சொல்லின் முதல் ஒலியை இருமலால் மறைத்து, 'ஈல்' என்பது மட்டும் கேட்கும்படி விட்டார். அதற்குப் பிறகு, வாக்கியத்தின் கடைசிச் சொல்லை மட்டும் மாற்றினார். கடைசியில் 'அச்சு' என்று முடிந்தபோது கேட்டவர்களுக்கு அது வீல். 'செருப்பு' என்றபோது ஹீல். 'ஆரஞ்சு' என்றபோது பீல், அதாவது தோல். 'மேசை' என்றபோது மீல், அதாவது சாப்பாடு. பின்னால் வரும் சொல் முன்னால் கேட்ட ஒலியை முடிவு செய்கிறது. தொழிலில் இருப்பவர்கள் இதை ஆய்வு படிக்காமலே செய்கிறார்கள். புரியாத இடத்தில், ஒலிப்பதிவை ஓட்டும் ஃபூட் பெடலை மிதித்து மிதித்து முன்னும் பின்னும் போய்க்கொண்டிருப்பவர் புதியவர். பழகியவர் அங்கே ஒரு பிளாங்க் விட்டுவிட்டு ஃபைலின் கடைசி வரை போய்விடுவார். நோயாளியின் பழைய மருந்துகள், ஆய்வக எண்கள், டிஸ்சார்ஜ் பட்டியல் எல்லாம் கேட்டு முடித்துத் திரும்பி வரும்போது, முக்கால்வாசி பிளாங்க்குகள் தாமாகவே வாயைத் திறந்திருக்கும். மருந்தை மருத்துவர் பட்டியலில் மறுபடி சொல்லும்போது தெளிவாகச் சொல்லியிருப்பார். அல்லது அது எந்த நோய்க்கு என்பது தெரிந்திருக்கும்.

ஒலியே கெட்டுப்போய் வருவது தனிக் கதை. அமெரிக்க மருத்துவர்கள் பலர் தொலைபேசி வழியாகத்தான் பதிவு செய்தார்கள். பழைய தொலைபேசி இணைப்பு ஏறத்தாழ 300 ஹெர்ட்சிலிருந்து 3400 ஹெர்ட்ஸ் வரைதான் கடத்தும். உயிரொலிகளுக்கு அது போதும். ஆனால் 'ஸ்' ஒலியின் பெரும் ஆற்றல் 4000 ஹெர்ட்சுக்கு மேலே இருக்கிறது. அதாவது ஸ், ஃப் இரண்டையும் பிரித்துக் காட்டும் பகுதியைக் கம்பி வழியிலேயே வெட்டிப் போட்டுவிடுகிறது. வங்கிக்குத் தொலைபேசியில் பெயரைச் சொல்லும்போது 'எஸ் ஃபார் சேலம்' என்று கத்துகிறோமே, அதன் காரணம் இதுதான். இதற்குமேல் மருத்துவர் கார் ஓட்டிக்கொண்டோ, சாண்ட்விச் மென்றுகொண்டோ பேசினால்? தொழிலில் சொல்லிப் பதிவு செய்கிறவரை 'டிக்டேட்டர்' என்றே குறிப்பிடுவார்கள். சிலருக்கு அந்தப் பெயர் நன்றாகவே பொருந்தும்.

கேட்கிறவரின் தாய்மொழியும் நடுவில் வந்து உட்கார்ந்துகொள்ளும். 1964-இல் லீ லிஸ்கர், ஆர்தர் அப்ரம்சன் இருவரும் 11 மொழிகளில் ஓர் அளவை எடுத்தார்கள். 'ப' சொல்லும்போது உதடு திறந்த கணத்துக்கும் தொண்டை அதிரத் தொடங்கும் கணத்துக்கும் நடுவே எவ்வளவு நேரம் என்பதே அந்த அளவு. 11 மொழிகளில் தமிழும் ஒன்று. (லிஸ்கர் தெலுங்குக்குப் பாடநூல் எழுதியவர், நம் பக்கத்து மொழிகளின் மேல் அவருக்குக் கண் இருந்தது.) 'பல்' என்பதில் உள்ள நம் ப-வுக்கு ஏறத்தாழ 12 மில்லிவினாடி. 'பஸ்' என்பதில் உள்ள அதிரும் ப-வுக்கு நம் தொண்டை உதடு திறப்பதற்கு 70 மில்லிவினாடிக்கு மேல் முன்பே அதிரத் தொடங்கிவிடும். அமெரிக்கர்களின் கணக்கு வேறு. அவர்களுடைய வல்லின ப-வுக்கு ஏறத்தாழ 58 மில்லிவினாடி, கூடவே ஒரு காற்று. அவர்களுடைய அதிரும் ப-வுக்குப் பெரும்பாலும் 1 மில்லிவினாடிதான். அதாவது அமெரிக்கர் 'பஸ்'ஸின் ப என்று நினைத்துச் சொல்வது, நேரக்கணக்கில் நம் 'பல்'லின் ப-வுக்குப் பக்கத்தில் வந்து விழுகிறது.

அன்றாடச் சொற்களில் இதனால் கெடுதல் இல்லை, வாக்கியம் காப்பாற்றிவிடும். ஆனால் நேற்று சந்தைக்கு வந்த ஒரு மருந்தின் பெயரை வாக்கியம் எப்படிக் காப்பாற்றும்? முதல் ஒலி தெரியாமல் அகராதியை எந்தப் பக்கத்தில் திறப்பது? ஆகவே கொங்கு நாட்டுப் பெண்கள் ஒரு மருந்தைத் தேடும்போது இரண்டு ப, இரண்டு க, இரண்டு ட என்று எல்லா வாசலையும் தட்டிப் பார்ப்பார்கள். அதோடு கிரேக்கம், பிரெஞ்சு போன்ற மொழிகள் வைத்த பொறிகள் தனி. நியூமோனியாவும் சூடோமோனாஸும் ஆங்கிலத்தில் ஒலிக்காத ஒரு 'பி' எழுத்தில் தொடங்குகின்றன. மார்பெலும்பின் கீழ்முனையான ஸைஃபாய்டுக்கு 'எக்ஸ்'. கால்சியம் குறைவைக் கண்டறிய முகத்தில் தட்டிப் பார்க்கும் 'வாஸ்டெக்' குறிக்கு 'சி'. 'கியான் பரே' என்ற நோயை எழுத்துக்கூட்டிப் பார்த்தால் கேட்டதற்கும் எழுதுவதற்கும் சம்பந்தமே இருக்காது. இவற்றை ஒரு முறை கற்றுக்கொண்டால் முடிந்தது. ஆபத்து இங்கே இல்லை.

ஆபத்து, இரண்டு விடையும் அகராதியில் இருக்கும்போது. டிஸ்ஃபேஜியா என்றால் விழுங்குவதில் சிரமம். டிஸ்ஃபேசியா என்றால் பேச்சில் சிரமம். வித்தியாசம் ஒரு ஜ, ஒரு ஸ. நோயாளிக்குப் பக்கவாதம் என்றால் இரண்டுமே வரக்கூடும். 'ஸ்பீச் தெரபிஸ்ட்டைப் பார்க்கச் சொன்னோம்' என்று அடுத்த வரி வந்ததும் பேச்சுதான் என்று முடிவு கட்டினால் மாட்டிக்கொள்வீர்கள். அமெரிக்காவில் விழுங்கும் பயிற்சி தருகிறவரும் அதே ஸ்பீச் தெரபிஸ்ட்தான். கெட்டியாக்கிய திரவ உணவு, பேரியம் விழுங்கிய எக்ஸ்ரே என்று வந்தால் விழுங்குதல். பொருள்களின் பெயர் சொல்லத் திணறுகிறார் என்று வந்தால் பேச்சு. எதுவும் வரவில்லை என்றால் பிளாங்க்.

எண்கள் பல நேரம் கைகொடுக்கும். ஹைப்போகலீமியாவா, ஹைப்பர்கலீமியாவா என்று காது தடுமாறினால், பொட்டாசியம் அளவைத் தேடினால் போதும். வழக்கமான அளவு லிட்டருக்கு 3.5 முதல் 5 மில்லி ஈக்குவலன்ட். அறிக்கையில் 2.9 என்று இருந்தால் ஹைப்போ, விவாதம் முடிந்தது. செலிப்ரெக்ஸ் மூட்டு வலிக்கு, செலெக்ஸா மனச்சோர்வுக்கு, செரிபிக்ஸ் வலிப்புக்கு; மூன்றும் வேகமாகச் சொன்னால் ஒன்றுபோலவே ஒலிக்கும். ஆனால் '200 மில்லிகிராம்' என்று தொடர்ந்தால் செலெக்ஸா கழன்றுவிடும். அதன் உச்ச அளவே 40. செரிபிக்ஸ் ஊசியாகத்தான் போடப்படும். மீதி ஒன்றுதான்.

அளவும் ஒன்றாக அமைந்துவிட்டால்? அமெரிக்காவில் லோசெக் என்ற அமிலக் குறைப்பு மாத்திரை 20 மில்லிகிராமில் வந்தது. லேசிக்ஸ் என்ற சிறுநீர் பெருக்கி மாத்திரையும் 20 மில்லிகிராமில் உண்டு. குழப்பங்கள் வந்த பிறகு 1990-இல் லோசெக் அங்கே பிரிலோசெக் ஆனது. 2016-இல் பிரின்டெல்லிக்ஸ் என்ற மனச்சோர்வு மருந்து, பிரிலின்டா என்ற ரத்த உறைவுத் தடுப்பு மருந்தோடு குழம்பியதால் டிரின்டெல்லிக்ஸ் ஆனது. ஒரு மருந்து நிறுவனம் கோடிக்கணக்கில் விளம்பரம் செய்த பெயரை மாற்றுகிறது என்றால், காது தோற்றுப்போகும் இடம் உண்டென்று அதற்குப் புரிந்துவிட்டது என்று அர்த்தம்.

எல்லாவற்றிலும் கொடியது எண்களிலேயே வரும் குழப்பம். அலபாமா மாநிலத்தின் ஃபேர்ஹோப் என்ற ஊரில் 2008-இல் ஒரு சர்க்கரை நோயாளி மருத்துவமனையிலிருந்து மறுவாழ்வு மையத்துக்கு மாற்றப்பட்டார். மருத்துவர் சொன்னது 8 யூனிட் லெவமிர் இன்சுலின். ஒப்பந்த நிறுவனங்கள் வழியாக இந்தியாவுக்கு வந்து எழுதப்பட்ட அறிக்கையில் 80 யூனிட் என்று இருந்தது. மருத்துவர் சரிபார்ப்பதற்கு முன்பே அது நோயாளியோடு போனது. அவர் இறந்தார். 2012-இல் நடுவர் குழு 14 கோடி டாலர் இழப்பீடு விதித்தது.

'எய்ட் யூனிட்ஸ்' என்று வேகமாகச் சொல்லிப் பாருங்கள். ட்-க்கும் யூ-வுக்கும் நடுவே ஒரு சின்ன இ முளைக்கிறது. 'எய்ட்டி யூனிட்ஸ்' என்பதற்கும் அதற்கும் உள்ள தூரம் அந்த இ-யின் நீளம்தான். அந்த வழக்கில் நடந்தது இதுதான் என்று நான் சொல்லவில்லை. இந்தச் சொற்சேர்க்கையிலேயே பள்ளம் இருக்கிறது என்கிறேன். கையெழுத்திலும் இதே பள்ளம் உண்டு: 8-க்குப் பக்கத்தில் யூனிட்டைக் குறிக்கும் ஆங்கில 'யு' எழுத்தைப் போட்டால், அது பூஜ்யமாகத் தெரியும். அதனால்தான் இன்சுலின் சீட்டில் அந்தச் சுருக்கத்தை எழுதாதீர்கள் என்று மருந்துப் பாதுகாப்பு அமைப்புகள் பல ஆண்டுகளாகத் தலைப்பாடாக அடித்துக்கொள்கின்றன. இன்னொரு கொடுமை, 80 யூனிட் நடக்காத அளவு அல்ல. இன்சுலின் எளிதில் வேலை செய்யாத உடல்வாகு உள்ளவர்கள் அவ்வளவும் போட்டுக்கொள்கிறார்கள். 800 என்று வந்திருந்தால் யாராவது ஒருவர் புருவத்தை உயர்த்தியிருப்பார். நம்பத் தகுந்த தவறு எல்லா வாசலையும் தாண்டிப் போய்விடுகிறது.

அதனால்தான் பிளாங்க் என்பதற்கு இந்தத் தொழிலில் ஒரு மரியாதை உண்டு. தெரியாத இடத்தில் கோடு போட்டு, பதிவில் எத்தனையாவது நிமிடம், எத்தனையாவது வினாடி என்று குறித்து, தரம் சரிபார்க்கும் கியூஏ குழுவுக்கு அனுப்பலாம். அவர்களுக்கும் பிடிபடவில்லை என்றால் மருத்துவருக்கே போகும். நிறைய பிளாங்க் விட்டால் மதிப்பெண் குறையும் என்பதும் உண்மை. புதியவர்களை ஊகத்துக்குத் தள்ளுவது இந்த மதிப்பெண்தான், சோம்பேறித்தனம் அல்ல. நிர்வாகங்கள் ஒரு பிளாங்க்கையும் ஒரு தவறான மருந்துப் பெயரையும் ஒரே தராசில் வைத்தால், பிளாங்க்கை யார் விடுவார்கள்?

பிளாங்க் விடுவதற்கு முன்னால் பக்கத்து நாற்காலிக்கு ஹெட்போனை நீட்டும் வழக்கம் ஒன்று இருக்கிறது. "ஏனுங்கக்கா, இதைக் கொஞ்சம் கேட்டுச் சொல்லுங்க." அனுபவமுள்ள அக்கா உடனே சொல்வார்: "நீ என்ன கேட்டேன்னு சொல்லாதே, அப்படியே குடு." இந்த எச்சரிக்கைக்குப் பின்னால் நல்ல அறிவியல் இருக்கிறது. 1981-இல் ராபர்ட் ரெமெஸும் அவர் குழுவும் ஒரு வாக்கியத்தை மூன்று சீட்டி ஒலிகளாக மாற்றினார்கள். எதுவும் சொல்லாமல் போட்டபோது பலருக்கு அது வெறும் சீட்டி, ஏதோ விண்வெளிப் படத்து ஓசை. இது பேச்சு என்று சொல்லிவிட்டுப் போட்டால் அதே சீட்டிக்குள் சொற்கள் கேட்டன. 'இது லேசிக்ஸ்தானே அக்கா?' என்று கேட்டுக்கொண்டே ஹெட்போனை நீட்டினால், அக்காவுக்கும் லேசிக்ஸ்தான் கேட்கும். இரண்டு பேர் ஒப்புக்கொண்டது போல இருக்கும். உண்மையில் ஒரு ஊகம் இரண்டு தலையில் உட்கார்ந்திருக்கும்.

இன்றைக்கு முதல் வரைவைக் கணினி எழுதுகிறது. கோவையின் மருத்துவ ஆவண வேலையும் கோடிங், பில்லிங், திருத்துதல் என்று வேறு பக்கம் நகர்ந்துவிட்டது. 2018-இல் அமெரிக்காவில் 217 மருத்துவக் குறிப்புகளை ஆராய்ந்த ஓர் ஆய்வு, மென்பொருள் மட்டும் எழுதியபோது 100 சொல்லுக்கு 7.4 பிழைகள் என்று கண்டது. டிரான்ஸ்கிரிப்ஷனிஸ்ட் ஒருவர் பார்த்த பிறகு அது 0.4 ஆனது. மருத்துவர் பார்த்துக் கையெழுத்திட்ட பிறகு 0.3. யார் எவ்வளவு பிழை களைந்தார்கள் என்று கழித்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அதற்குப் பிறகு வந்த கருவிகள் இன்னும் நன்றாகக் கேட்கின்றன. ஆனால் வாரனின் 19 பேருக்கு இருந்த பழக்கம் அவற்றுக்கும் உண்டு. விஸ்பர் என்ற மென்பொருளை ஆராய்ந்த 2024-ஆம் ஆண்டு ஆய்வு, ஏறத்தாழ 100-இல் ஓர் ஒலித்துண்டில் யாரும் பேசாத சொற்றொடர் முழுதாக எழுதப்பட்டிருப்பதைக் கண்டது. பேச்சுக் குறைபாடு உள்ளவர்கள் சொல் தேடி நிறுத்தும் நீண்ட மௌனங்களில் இது கூடுதல். மௌனத்தைக் கேட்ட மென்பொருள் அங்கே இருக்கக்கூடியதை எழுதிவிடுகிறது. இலக்கணப் பிழை இருக்காது, எழுத்துப் பிழை இருக்காது. திருத்துகிறவர் கண்ணால் மட்டும் படித்தால் சிக்கவே சிக்காது. ஒலியோடு சேர்த்துக் கேட்டால்தான் உண்டு. கேட்டு எழுதுவதைவிட இது கடினம் என்று இரண்டையும் செய்தவர்கள் சொல்வதில் வியப்பில்லை. திரையில் ஏற்கெனவே ஒரு விடை எழுதியிருக்கும்போது காது அதையே ஆமோதிக்கிறது. அக்காவிடம் விடையைச் சொல்லிவிட்டு ஹெட்போனைக் கொடுத்த கதைதான்.

அமெரிக்கா வரை போகவும் வேண்டாம். அவினாசி சாலையிலோ மேட்டுப்பாளையம் சாலையிலோ ஏதாவது ஒரு ஸ்கேன் சென்டரில், கதவுக்கு உள்ளே ரேடியாலஜி மருத்துவர் படத்தைப் பார்த்துச் சொல்லச் சொல்ல, தட்டச்சு செய்கிறவர் அடித்துக்கொண்டே போவார். நோயாளிகள் வெளியே உறைக்குக் காத்திருப்பார்கள். இங்கே இரைச்சல், தொலைபேசி, அமெரிக்க உச்சரிப்பு என்று எதுவும் இல்லை. ஆனாலும் நாளின் நாற்பதாவது அறிக்கையில் சொல்கிறவருக்கே நாக்கு மாறலாம். பழகிய தட்டச்சர் ஒரு கண்ணைப் பரிந்துரைச் சீட்டின் மேல் வைத்திருப்பார்.

"சார், ரைட் கிட்னிங்களா?"

"ஆமா, ரைட்டுன்னுதானே சொன்னேன்."

"சீட்டுல லெஃப்ட் சைடு வலின்னு போட்டிருக்குதுங்க சார்."

மருத்துவர் படத்தை மறுபடி பார்க்கிறார். "லெஃப்ட் போடும்மா. கல் சைஸ் மாறாது, 6 மில்லிமீட்டர்." பத்து வினாடியில் முடிந்துவிடுகிறது. இதே ஐயம் ஒரு வெளிநாட்டு ஃபைலில் வந்திருந்தால் பிளாங்க், கியூஏ, மறுநாள் பதில் என்று ஒரு சுற்று ஓடியிருக்கும்; சில மருத்துவமனைகளிலிருந்து பதில் வரவே வராது.